பூதத்துக்குள் ஒன்றரை வருடம்

நான் ஒன்றரை வருடம் பூதமாக வேலை பார்த்தேன். இதை எங்கும் எழுதிக் கொடுத்ததில்லை. பிறகு சேர்ந்த இடத்தில் முன் அனுபவம் என்ன என்று கேட்டபோது, பிளாஸ்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர் என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

அதுவும் பொய் இல்லை. பக்கெட்டும் குடமும் செய்கிற அந்தக் கம்பெனியில் பதினேழு வருடம் இருந்தேன். மெஷின் சத்தத்தைத் தாண்டி என் குரல் கேட்கும் என்று பெயர். கொரோனா முதல் அலை வந்து போன பிறகு, ஆர்டர் இல்லை என்று சொல்லி ஒரு நாள் எங்களில் பதினொரு பேரை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் சின்ன வயது. கணினியைப் பார்த்துக்கொண்டே பேசி முடித்தார். வெளியே வந்து வண்டியை உதைத்தபோதுதான் டிபன் பாக்ஸை உள்ளே விட்டுவிட்டது நினைவு வந்தது. திரும்பப் போனால் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. "நீங்க இங்கியே நில்லுங்க, நான் எடுத்தாறேன்" என்றார். காலையில் எனக்கு எழுந்து நின்று வணக்கம் வைத்த மனிதர்.

எட்டு மாதம் வீட்டில் கிடந்தேன். அந்த எட்டு மாதத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் முதலில் பூதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது சொல்வதற்குச் சுலபம்.

புதுச்சேரியில், கடலூர் ரோட்டில் நோணாங்குப்பம் படகு குழாமைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய குடோனை வாடகைக்கு எடுத்து, சுற்றுலா வருபவர்களைப் பயமுறுத்துகிற மாளிகை ஒன்று திறக்கப்போகிறார்கள், ஆறடி உயரத்தில் ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர் சொன்னார். காவலுக்குத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

முதலாளிக்கு நாற்பது வயது இருக்கும். அப்பா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் பிரான்சில், எப்போதும் மழை பெய்யும் ஏதோ ஒரு ஊரில். தமிழை அம்மாவிடம் கற்றவர் என்பதால் வீட்டுத் தமிழ்தான் வரும். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உட்கார வைத்து விளக்கினார்.

"பேய், மோகினி, ரத்தம் எல்லாம் எல்லாரும் வெச்சிருக்காங்கண்ணே. நம்ம ஆளுங்களுக்குப் பேய் பழகிப்போச்சு. நாம வெக்கப்போறது வேற. நட்சத்திரத்துக்கு அந்தாண்ட இருந்து வந்தது. மனுசன் உண்டாவறதுக்கு முன்னாடியே கடலுக்கு அடியில தூங்கினு இருக்குது. அதைக் கண்ணால பாத்தா மனுசனுக்குத் தான் ஒரு தூசுன்னு புரிஞ்சிடும். புத்தி பேதலிச்சுடும். வுவாலா! இதோ, அதான் நீங்க."

தூசு என்று தெரிந்துகொள்ள நட்சத்திரத்துக்கு அந்தாண்டை போக வேண்டியதில்லை, எங்கள் கம்பெனி அலுவலக அறைக்குப் போனால் போதும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வேலை வேண்டியிருந்தது. சரி சார் என்றேன்.

பூதத்தைச் செய்தவர் வில்லியனூர்ப் பக்கம் சாமி சிலை செய்கிற ஆள். முதலாளி காட்டிய படங்களைப் பார்த்துவிட்டு அவர் கைக்கு வந்ததைச் செய்தார். மெத்தைக்குப் போடும் ஸ்பாஞ்சில் உடம்பு. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் குழாய்க்குள் கட்டுக்கம்பி விட்டு எட்டுக் கைகள். முகம் ஃபைபர்; வாய் இருக்க வேண்டிய இடத்தில் புழுப் புழுவாகத் தொங்கும் சைக்கிள் ட்யூப் துண்டுகள். எல்லாவற்றுக்கும் பாசிப் பச்சைப் பெயின்ட். வயிறு மட்டும் பிள்ளையார் வயிறாக வந்துவிட்டது. கண்கள் அசல் அய்யனார் கண்கள். "எனக்கு இந்தக் கண்ணுதாங்க வரும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

உள்ளே கழுத்துக்குக் கீழே பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன விசிறி. நான் பேசுவதற்கு ஒரு மைக். அது என் குரலைக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல மாற்றி வெளியே விடும். பூதத்தின் மூக்கு ஓட்டை வழியாகத்தான் நான் பார்க்க வேண்டும். வருபவர்கள் இருட்டு வழியில் தடவித் தடவி நடந்து, கடலடிபோல நீலம் அடித்த ஒரு கூடத்துக்குள் நுழைவார்கள். புகை வரும். முதலாளியே பதிவு செய்த, எந்த மொழியும் இல்லாத ஒரு மந்திரம் ஒலிக்கும். மேடைக்குப் பின்னால் குந்தியிருக்கும் நான் மெதுவாக எழ வேண்டும். எழுந்து, "நான் காலத்துக்கு மூத்தவன். உன் பெயர் எனக்குத் தெரியும்" என்று சொல்ல வேண்டும்.

திறந்த அன்று பக்கத்துக் குப்பத்து மீனவப் பெண்களுக்கு இலவசமாக டிக்கெட் கொடுத்திருந்தார்கள். நான் எழுந்தேன். ஏழெட்டுப் பெண்கள் அசையாமல் நின்றார்கள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அப்புறம் ஒருத்தி மேடையருகே வந்து என் மூன்றாவது கையைத் தூக்கி, எடை பார்ப்பதுபோல ஆட்டினாள். "கணவாய் மீனுதான்டி" என்றாள். "இன்னைக்கிப் புடிச்சது இல்ல."

அடுத்து வந்தது திண்டிவனத்திலிருந்து ஒரு குடும்பம். அந்தக் கண்களைப் பார்த்ததும் வீட்டுக்காரர் செருப்பை ஓரமாக விட்டுவிட்டுக் கும்பிட்டார். மனைவி குழந்தையின் தலையைப் பிடித்து என் பக்கம் குனிய வைத்தாள். உன் பெயர் எனக்குத் தெரியும் என்று நான் சொன்னதும் அவர் பணிவாகத் தன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கையைத் தூக்கினேன். ஆசீர்வாதம் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

சனி, ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்து வரும் கூட்டம் என்னோடு ஆடும். மந்திரம் என்ன மொழி என்று சிலர் கேட்பார்கள். பிரெஞ்சாக இருக்கும் என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் மூக்கு ஓட்டைக்குள் எட்டிப் பார்த்து, "அங்கிள், உள்ள வேர்க்குதா?" என்று கேட்டாள். அந்த ஒன்றரை வருடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி.

சிரிக்கட்டும், சம்பளம் வருகிறதே என்று நான் இருந்திருக்கலாம். முடியவில்லை. என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்து எனக்குப் பழக்கமில்லை. படகு குழாமுக்குப் பின்னால் தண்ணீரோரமாக ஆளில்லாத இடத்தில் நின்று உறுமிப் பழகினேன். எழும்போது வேகத்தை மாற்றினேன். வசனத்தை இன்னும் அடிக்குரலில் சொன்னேன். சவுண்டும் லைட்டும் போடுகிற பெண், உழவர்கரையிலிருந்து பஸ்ஸில் வருபவள், "அண்ணே, இவ்வளவு கஷ்டப்படாதீங்க. அவங்க ஜாலிக்கு வராங்க" என்பாள். எனக்கு அது அவமானமாகவே இருந்தது. முதலாளிக்கும்தான். கூட்டம் வந்தது, ஆனால் அவர் எதிர்பார்த்தது அதுவல்ல. கேமரா போட்டுவைத்த சின்ன அறையில் உட்கார்ந்து யாராவது ஒருத்தர் உண்மையாகப் பயப்படுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

இனி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் மூன்று பேர். மனைவி கார்மென்ட்ஸில் தைத்து வந்த துணியைச் சரிபார்க்கிற வேலைக்குப் போகிறாள். ஒரே மகள், அப்போது பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம். டூரிஸ்ட் வருகிற இடத்தில் சூப்பர்வைசர் என்று இருவரிடமும் சொல்லியிருந்தேன். மேலே எதுவும் அவர்கள் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் மேலே கேட்பதில்லை.

வேலையில்லாமல் கிடந்த அந்த எட்டு மாதத்தில் ஒரு நாள், காலை பதினொரு மணி இருக்கும். நான் லுங்கியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மனைவிக்கு அன்று லீவு; அடுப்படியில் அவளும் மகளும் போனில் எதையோ பார்த்துச் சிரித்தார்கள். அந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. எழுந்து போய் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். அவள் படிப்பெல்லாம் அந்தப் போனில்தான் நடந்துகொண்டிருந்தது. "ஏம்பா?" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான். நான் கன்னத்தில் அறைந்தது காதின்மேல் விழுந்தது. இரண்டு நாள் காதுக்குள் இரைச்சல் நிற்கவில்லை என்று அவள் அம்மா அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். படியில் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் அவளே சொல்லிவிட்டாள். அதை மனைவி என்னிடம் வந்து சொன்னபோது, பரவாயில்லை, விவரமான பெண் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

அது ஒரு கெட்ட நாள், வேலை கிடைத்ததும் போய்விட்டது என்பதுதான் என் கணக்கு. அதற்கு முன்னும் பின்னும் பறந்த தட்டுகளையும் டம்ளர்களையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. வேலை முடிந்து நான் வீட்டுக்குள் நுழையும்போது வீடு அமைதியாக இருக்கும். குடும்பம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

மகள் அங்கே வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். கூட்டம் இல்லை. நான்கு பெண்கள் வருகிறார்கள் என்று லைட் போடுகிற பெண் சைகை காட்டினாள். நான் குந்திக்கொண்டேன். மந்திரம் ஓடியது. எழுந்து மூக்கு ஓட்டை வழியாகப் பார்த்தால், முன்னால் நிற்பது என் மகள்.

காலத்துக்கு மூத்தவன் என்று சொல்ல வாய் வரவில்லை. சும்மா நின்றேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவளுடைய மேல்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கிறது. அது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் பூதம் என்பதே எனக்கு மறந்துவிட்டது. என் மகளுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தோழிகள் போட்டோ எடுக்கச் சொன்னார்கள். அவள் மேடைமேல் ஏறி வந்து, என் கைகளில் ஒன்றை எடுத்துத் தன் தோளில் மாலைபோலப் போட்டுக்கொண்டு, ஸ்பாஞ்சில் தலையைச் சாய்த்தாள். அவள் தலையின் கனம் என் நெஞ்சில் தெரிந்தது. அவள் நான்காம் வகுப்பு படித்த பிறகு அப்படிச் சாய்ந்த நினைவு எனக்கு இல்லை.

கீழே நின்ற ஒருத்தி, பயமாக இல்லையா என்று கேட்டாள்.

"இதுக்கா?" என்றாள் என் மகள். "பயம்னா எங்க ஊட்டுக்கு வாங்கடி. சாயங்காலம் தெருமுனைல எங்கப்பா வண்டி சத்தம் கேக்கும். டிவி ஆஃப் ஆயிடும், எங்கம்மா பேச்சு நின்னுடும். மிக்சிகூட நின்னுடும்."

அவர்கள் சிரித்தார்கள். அவளும்தான். வழக்கமாகச் சொல்கிற வேடிக்கை என்பது சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மைக் செத்தது, விளக்கு போனது. மேடையின் விளிம்பில் அவள் கால் தடுக்கி முன்னால் சரிவது என் உடம்பில் தெரிந்தது. ஸ்பாஞ்சுக்கு வெளியே என் சொந்தக் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "பாத்து மா, படி இருக்குது" என்றேன்.

என் குரலில் சொல்லிவிட்டேன்.

சுவரில் இருந்த எமர்ஜென்சி லைட் எரிந்தது. அவள் முகம் எனக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சிரிப்பு போய்விட்டிருந்தது. சிரித்த வாய் அப்படியே திறந்திருந்தது, கண்தான் மாறியிருந்தது. நான் பிடித்த கையை அவள் உதறவில்லை. அசையவே இல்லை.

"இல்லப்பா" என்றாள் மெதுவாக. "ஃப்ரெண்டுக்குப் பொறந்த நாளுப்பா. அம்மாகிட்ட சொல்லிட்டுதாம்பா வந்தேன். மதியம் கிளாஸ் இல்லப்பா. நெசமாப்பா."

நீங்கள் ஏன் இங்கே இருக்கிறீர்கள், இது என்ன கோலம் என்று எதையும் அவள் கேட்கவில்லை. முதலில் அவளுக்கு வந்தவை காரணங்கள். நான் கையை விட்டேன். கீழே நின்ற பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் இறங்கி, அவர்களைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். ஓட வேண்டும் என்று இருந்தும் ஓடாமல் போகிறவர்களின் நடை.

கரண்ட் வந்ததும் முதலாளி கேமரா அறையிலிருந்து வந்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"அண்ணே, அந்தப் பொண்ணு! கரண்ட் போனாலும் கேமரா பேட்டரில ஓடுதில்ல, அதுல அவ முகத்தைப் பாத்தேன். நான் சொன்ன பயம் அதான். இன்னாண்ணே பண்ணீங்க?"

நான் ஒன்றும் பண்ணவில்லை சார் என்றேன். எப்படியாவது யோசித்துப் பார்த்துத் தினமும் அதையே செய்யச் சொன்னார். லைட் போடுகிற பெண் மட்டும் என் முகமூடியைக் கழற்றிவிட்டு, என்னைப் பார்த்து, தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் தெருமுனையிலேயே வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனேன். அது அதைவிட மோசமாகிவிட்டது. சத்தமில்லாமல் வாசலில் போய் நின்ற என்னைக் கண்டதும் இருவரும் திடுக்கிட்டு எழுந்தார்கள். மகளுக்கு முன்னால் என் மனைவி வந்து நின்றுகொண்டாள். ஒரு அடி இடதுபுறம் நகர்ந்தாள், அவ்வளவுதான். அந்த ஒரு அடியை அவள் எத்தனை தடவை வைத்திருப்பாள் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். வாயைத் திறந்தால், "சாப்டீங்களா?" என்பது அதட்டலாக வந்தது. "ம்" என்றார்கள் இருவரும் ஒன்றாக.

ஒரு வாரம் கழித்து, மகள் இல்லாத நேரத்தில், மனைவியிடம் பேச்செடுத்தேன். மகளை நான் அடித்தது அந்த ஒரு தடவைதானே என்று கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"உங்களுக்கு ஒரு தடவை" என்றாள். "நாங்க தெனமும் எதிர்பாத்துனு இருந்தோம்."

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. இவ்வளவு நடந்த பிறகும், அவள் அப்படிச் சொன்னதற்குக் கோபம்தான் முதலில் வந்தது. வெளியே போய் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மகள் என்னிடம் அதைப் பற்றி ஒரே ஒரு முறை பேசினாள். நான் சட்டையைக் கழற்றியபோது முதுகு முழுக்க வேர்க்குருவைப் பார்த்துவிட்டு, பவுடர் டப்பாவை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். "ஏம்பா சொல்லல?" என்றாள். வெட்கமாக இருந்தது என்றேன். அவள் டப்பாவை என் பக்கம் தள்ளினாள். நான் மன்னிப்பு கேட்டிருக்க வேண்டிய இடம் அது. காதில் இப்போது சத்தம் கேட்கிறதா என்றாவது கேட்டிருக்கலாம். பவுடர் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

அந்த வருடம் அடித்த மழையில் குடோனுக்குள் முழங்கால் வரை தண்ணீர் புகுந்தது. பூதம் நான்கு நாள் ஊறியது. காய வைத்தும் ஸ்பாஞ்சில் காளான் பூத்து, பக்கத்தில் போக முடியாத நாற்றம். முதலாளி பார்த்துவிட்டு, இப்போதுதான் இது கடலடியிலிருந்து வந்ததுபோல இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். ஆனால் மனது விட்டுப் போய்விட்டது அவருக்கு. பொங்கலுக்கு முன்னால் எல்லாவற்றையும் மூடிவிட்டு பிரான்சுக்கே போய்விட்டார். நான் தண்ணீர் கேன் போடும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸில் சேர்ந்தேன்.

மகள் படிப்பை முடித்ததும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஹாஸ்டலில் தங்க வேண்டும். வேண்டாம், இங்கேயே தேடலாம் என்றேன். தட்டில் சோறு இருந்தது. அவள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"நான் போறேன்பா" என்றாள்.

வேண்டாமென்று சொல்கிறேன் இல்லையா என்றேன்.

"நீங்க சொல்லுவீங்க. நான் போறேன்." அவள் குரல் உயர்ந்தது. நடுங்கிக்கொண்டே உயர்ந்தது. "இந்த ஊட்டுல எனக்கு மூச்சு உட முடியலப்பா. எப்ப இன்னா பறக்கும்னு பாத்துனே எவ்வளவு நாளு இருக்கறது?"

அடுப்படியிலிருந்து மனைவி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் கை டம்ளர்மேல் இருந்தது. அதை விட்டெறிய எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை யாரிடமும் சொன்னதில்லை. டம்ளரை விட்டுவிட்டு, கை கழுவாமலேயே எழுந்து, பஸ் ஸ்டாப் வரை நடந்துபோய் எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தேன். தெரிந்தவர் ஒருவர், எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்றேன்.

திரும்பி வந்தபோது அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வந்ததும் அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை புது பஸ் ஸ்டாண்டுக்குப் பெட்டியை நான்தான் தூக்கிப்போனேன். ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்தேன். போய்ச் சேர்ந்ததும் போன் செய்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னாள். நான் முற்றிலும் திருந்திவிட்டேன் என்று எழுதினால் படிப்பதற்கு நன்றாக இருக்கும். அவள் போன அடுத்த மாதமே, கேஸ் சிலிண்டருக்குச் சொல்லி வைக்காததற்காக மனைவியிடம் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அவள் மகளுக்குப் போன் செய்து, மொட்டை மாடிக்குப் போய்ப் பேசிக்கொண்டிருந்தாள்.

முதல் மாதம் மகள் வரவில்லை. இரண்டாம் மாதம் வந்து இரண்டு நாள் இருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கிளம்பும்போது அடுத்து எப்போது வருவாய் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் கேள்வியாக வருமா, அதட்டலாக வருமா என்று எனக்கே நிச்சயமில்லை. கேட்கவில்லை. பையை எடுத்து வண்டியில் வைத்தேன்.